கற்கண்டின் மேல் உட்கார்ந்த செட்டியார்

சாயங்காலம் நம் அடுக்ககத்தின் கீழே பெஞ்சில் கூடுகிற நம் எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பேச்சு முழங்கால் வலியில் தொடங்கும், மாத்திரைகளில் ஒரு சுற்று வரும், கடைசியில் நாடு கெட்டுப்போனதில் வந்து நிற்கும். உடனே யாராவது ஒருவர் அவசரநிலைக் காலத்தை எடுப்பார். அப்போது ரயிலெல்லாம் நேரத்துக்கு வந்தது என்பார். குமாஸ்தாக்கள் பத்து மணிக்கு நாற்காலியில் இருந்தார்கள் என்பார். நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவேன். என் வீட்டில் அந்த நேரத்தில் பால் காய்ச்சுவதே இல்லை.

நாமெல்லாம் அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். ரயில் நேரத்துக்கு வந்ததா என்று யார் ஸ்டேஷனில் போய் நின்று பார்த்தீர்களோ, எனக்குத் தெரியாது. நான் பார்த்தது வேறு. போன நவராத்திரிக்கு என் வீட்டுக்கு வந்தபோது, கொலுவில் செட்டிச்சி மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே, ஜோடி எங்கே என்று கேட்டீர்கள். செட்டியார் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சிரித்து மழுப்பினேன். அது என் அம்மா சொல்லிவந்த பதில். உண்மையான பதிலை இப்போது எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், உங்களுக்கும் சங்கடம்.

எங்கள் வீடு இதே கொச்சியில், மட்டாஞ்சேரிக் கடைத்தெருவிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் இருந்தது. கீழே இரண்டு அறை, மேலே பலகைத் தரை போட்ட மச்சு. சந்தின் முனையில் சுக்குக் கிடங்கு. புதிதாக வருகிறவர்கள் முதல் ஐந்து நிமிடம் தும்மிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கவும் உலை வைக்கவும் சந்து முழுவதற்கும் ஒரே ஒரு தெருக்குழாய்தான். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும். குழாயடியில் கொங்கணி, குஜராத்தி, மலையாளம், எங்கள் பாலக்காட்டுத் தமிழ் எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போடும். எந்த மொழியில் திட்டு வாங்கினாலும் புரிகிற அளவுக்கு எங்கள் எல்லோருக்கும் எல்லா மொழியும் தெரியும்.

அப்பா ஒரு மிளகுக் கம்பெனியில் கடிதம் எழுதுகிற குமாஸ்தா. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மைப் பேனா, ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். நல்ல மனுஷர், பயந்த மனுஷர். முடி வெட்ட ஒரு நாள், எண்ணெய் தேய்க்க ஒரு நாள், புதுச் செருப்பைப் போட ஒரு நாள் என்று எதற்கும் பஞ்சாங்கம் பார்ப்பார். நல்ல காரியம் எதையும் அவர் தவறவிட்டதில்லை, தள்ளிப்போட்டதுண்டு.

சித்தப்பா அவருக்கு நேர் எதிர். கல்யாணம் ஆகவில்லை. ஒரு டுட்டோரியலில் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தார். மச்சுப்படியை இரண்டிரண்டாகத் தாவித்தான் ஏறுவார். அவர் மேலே வருகிறார் என்றால் பலகை அதிர்ந்து, அலமாரிக் கண்ணாடி கிலுகிலுவென்று சொல்லிவிடும். சம்பளம் வாங்காமல் பாதிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். அதனால் அப்பாவின் கணிப்பில் அவர் உதவாக்கரை. அந்தச் சொல்லை அப்பா அவர் எதிரிலேயே சொல்வார், சித்தப்பா சிரித்துக்கொண்டே மோர் சாதத்தைப் பிசைவார்.

அந்த வருஷம் குழாயில் தண்ணீர் மெலிந்துபோயிற்று. முதலில் விரல் பருமன், பிறகு நூல். காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வார்டுத் தலைவரின் மைத்துனர் இறால் ஏற்றுமதிக்காக ஐஸ் கம்பெனி ஒன்று தொடங்கியிருந்தார். சந்துக்கு வருகிற குழாயிலிருந்து ஒரு கிளை அங்கே போயிற்று. தலைவர் ஆட்சிக்கு வேண்டியவர். கலெக்டர் ஆபீஸ் ஜீப்பும் போலீஸ் ஜீப்பும் அவர் வீட்டு வாசலில் மாறி மாறி நிற்கும். அவசரநிலை வந்தபிறகு அவர் நடையே மாறிவிட்டதாகச் சொல்வார்கள். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று பொருள்படுகிற வாசகம் அப்போது சுவரெல்லாம் எழுதியிருந்தது. எங்கள் குழாய்க்கு மேலேயும் எழுதியிருந்தது.

சித்தப்பா ஒரு மனு எழுதினார். தமிழைவிட மலையாளம் அவருக்கு நன்றாக வரும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வீடு வீடாகப் போய் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, தன் பெயரை முதலில் போட்டுக் கலெக்டருக்கு அனுப்பினார். மனு கலெக்டரிடம் போய், விசாரித்துச் சொல்லவும் என்று யாருடைய மேஜைக்கு வந்தது தெரியுமா? தலைவர் மேஜைக்கு. ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் அப்பாவைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைக் காட்டினார். தம்பியின் கையெழுத்து ரொம்ப அழகு என்று மட்டும் சொன்னாராம். அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார், அப்புறம் சித்தப்பாவைத் திட்டினார்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பேசவே மாட்டாள். குழாயடிச் சண்டையில் அவள் குடத்தை யார் தள்ளினாலும் திரும்ப எடுத்து வைப்பாளே தவிர, வாய் திறக்க மாட்டாள். அவளுக்கென்று இருந்தது நவராத்திரிக் கொலுதான். படிகளில் சாமி பொம்மைகள் எல்லோர் வீட்டையும் போலத்தான். படிகளுக்குக் கீழே மணல் கொட்டி வைக்கிற பார்க்கில்தான் அவள் கைவேலை. ஒரு வருஷம் துறைமுகம் செய்தாள், டூத்பேஸ்ட் டப்பாவில் கப்பலும் தீப்பெட்டியில் கிரேனும். இன்னொரு வருஷம் எங்கள் சந்தையே செய்து, தும்முகிற ஒரு விருந்தாளியையும் நிறுத்தினாள். அதைப் பார்க்கவே சந்தில் எல்லா ஜாதி, எல்லா மதப் பெண்களும் வருவார்கள்.

அந்த வருஷம் அம்மா தெருக்குழாய் செய்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் உடைந்த திருகுதான் குழாய். அதன் முன்னால் குடம் வைத்த பொம்மைகள் வரிசையாக நின்றன. குழாயில் தண்ணீர் இல்லை. இந்தப் பக்கம், மளிகைக் கடை வைத்து உட்காருகிற செட்டியாரைச் செட்டிச்சியிடமிருந்து பிரித்து எடுத்தாள். அப்பாவின் கிழிந்த வேஷ்டியில் ஒரு ஜிப்பா தைத்துப் போட்டாள், தோளில் நீலக்கரைத் துண்டு. நீலக்கரைத் துண்டு இல்லாமல் எங்கள் தலைவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு பெரிய கற்கண்டுக் கட்டியின் மேல் செட்டியாரை உட்கார்த்தினாள். ஐஸ் கட்டி. கற்கண்டுக்கு எறும்பு வருமே என்று அதை ஒரு தட்டில் வைத்துச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றினாள். ஆக, குடங்கள் எல்லாம் காய்ந்து நின்றன, செட்டியாரைச் சுற்றி மட்டும் தண்ணீர். அவருக்கு எதிரே ஏழு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகள்.

சித்தப்பா செய்தது மணல் கொண்டுவந்து கொட்டியது மட்டும்தான். அன்று மேலே வந்து பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்த அதிர்வில் பலகை ஆடி ஏழு பொம்மைகளும் செட்டியாரைப் பார்த்துத் தலையாட்டின. அம்மாவும் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அப்பா பார்த்துவிட்டு, இது வேண்டாமே என்றார். கலசம் வைத்துப் படி ஏற்றியாயிற்று, இனி விஜயதசமி வரைக்கும் எதையும் நகர்த்தக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டுக் கீழே போனார்.

வெற்றிலை பாக்குக்கு அழைக்கப் போவது என் வேலை. பட்டுப்பாவாடை, கையில் குங்குமச்சிமிழ். தலைவர் வீட்டையும் விட முடியாது, நாலு வீடு தள்ளித்தானே. அவருடைய மனைவியை நாங்கள் சேச்சி என்போம், வருஷா வருஷம் வருவாள். நான் போனபோது சேச்சி உள்ளே இருந்தாள். முன்னறையில் தலைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். இந்த வருஷம் உங்கள் வீட்டுக் கொலுவில் என்ன விசேஷம் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், இந்த வருஷம் நீங்கள் இருக்கிறீர்கள் என்று. கொலுவில் இருப்பது சாமிகள்தானே, அதில் ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு மரியாதை என்றுதான் எனக்குப் பட்டது. ஐஸ் கட்டி, நீலக்கரைத் துண்டு, தலையாட்டி பொம்மைகள் எல்லாவற்றையும் விவரித்தேன். அவர் சிரித்தார். சித்தப்பன் செய்ததா என்று கேட்டார். மிட்டாயை அப்போதுதான் வாயில் போட்டிருந்தேன். தலையாட்டினேன்.

இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் இப்போது சொல்கிறேன்.

ஆறாம் நாள் சேச்சி வந்தாள். மச்சு முழுக்கப் பெண்கள். அவள் கொஞ்சம் கனத்த உடம்பு. அவள் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் ஏழு பொம்மைகளும் தலையாட்ட, யாரோ ஒரு மாமி அடக்க முடியாமல் சிரிக்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சேச்சியும் சிரித்தாள். அப்புறம் கற்கண்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். முகம் மாறியது. அம்மாவிடம் குங்குமம் வாங்கிக்கொள்ளும்போது, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, நன்றாகச் செய்திருக்கிறாய் என்று மட்டும் சொன்னாள். சுண்டல் பொட்டலத்தை வாங்க மறந்து போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் அஷ்டமி சாயங்காலமே புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிடுவோம். நவமி முழுக்கப் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. தசமி காலையில் பூஜை எடுத்தபிறகுதான் எழுத்தைத் தொடலாம். என் பாடப் புத்தகங்கள், சித்தப்பாவின் கணக்குப் புத்தகங்கள், அவற்றின் மேல் அப்பாவின் இரண்டு பேனா. சந்தன வாசனையில் மச்சு அறை குளிர்ந்திருந்தது.

நவமியன்று காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் எங்களுக்குத் தெரிந்த வயதானவர். அவர் மகன் சித்தப்பாவிடம் படித்துத்தான் பத்தாம் வகுப்பு தேறினான். கூட வந்தவர் புதியவர், இளைஞர். வயதானவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசினார். அந்தப் பொம்மையை எடுத்துவிட வேண்டும். மனு கொடுத்தது தப்பு என்று தம்பியை இரண்டு வரி எழுதித் தரச் சொல்ல வேண்டும். அப்புறம், கூட வந்தவரை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார்.

"சாமி, அனியனெ நாலு திவசம் பாலக்காட்டேக்கு அயச்சூடே?"

தம்பியை நாலு நாள் பாலக்காட்டுக்கு அனுப்பக்கூடாதா என்று. அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, மத்தியானம் ரயிலும் உண்டு. அப்பா யோசித்தார். அப்பா சொன்ன பதில் எனக்கு இப்போதும் அவர் குரலிலேயே கேட்கிறது.

"இன்னிக்கு எழுதப்படாது. பேனாவெல்லாம் பூஜையிலாக்கும். யாத்திரையும் வேண்டாம், பூஜை எடுக்காம ஆத்தை விட்டு எறங்கப்படாது. நாளைக்குக் காலம்பற பூஜை எடுத்ததும் நானே எழுதிக் கொண்டுவரேன், அவனையும் வண்டி ஏத்திடறேன்."

வயதானவர் வீட்டிலும் அன்று புத்தகம் பூஜையில்தான் இருந்திருக்கும். அவருக்கு மறுத்துச் சொல்ல வழியில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, அம்மா கொடுத்த சாயாவைக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

சாயங்காலம் தீபாராதனை முடிந்து கற்பூரத் தட்டு சூடு ஆறுவதற்குள் ஜீப் வந்தது. சந்துக்குள் ஜீப் வராது, முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். இன்ஸ்பெக்டர் பூட்ஸோடு மச்சுப்படி ஏறினார். ஒவ்வொரு படிக்கும் பலகை அதிர்ந்தது, ஏழு பொம்மைகளும் தலையாட்டின. அன்று யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து செட்டியாரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். இது யார் வேலை என்று கேட்டார். அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். மூச்சை இழுத்த சத்தமும் கேட்டது. அதற்குள் சித்தப்பா முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான். மன்னிக்கு ஒண்ணும் தெரியாது."

மலையாளத்திலும் அதையே சொன்னார். செருப்பைப் போட்டுக்கொள்ளப் போனார், வேண்டாம் என்றார்கள். படியில் அவரை முன்னால் விட்டு இறக்கிக் கூட்டிப்போனார்கள். முதல் தடவையாக ஒவ்வொரு படியாக இறங்கினார்.

மறுநாள் காலை அப்பா குளித்து, பூஜை எடுத்து, கறுப்புப் பேனாவால் மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஸ்டேஷனில் வாங்கவில்லை. தலைவர் வீட்டுக்குப் போனார். தலைவர் எழுந்து நின்று வரவேற்று, சட்டம் அதன் வழியில் போகிறது, நான் என்ன செய்ய முடியும், நேற்றே வந்திருந்தால் பார்த்திருக்கலாமே என்றாராம். அந்த 'நேற்றே' அப்பாவைத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து அவர் சட்டைப் பையில் நான் பேனாவைப் பார்க்கவில்லை. ஆபீசில் மேஜை டிராயரில் ஒன்று வைத்திருந்தார், வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்.

நாற்பது நாள் சித்தப்பா எங்கே என்றே தெரியாது. கோர்ட்டு இல்லை, கேஸ் இல்லை, கேட்க முடியாது. கேட்பவனையும் உள்ளே வைக்கலாம் என்று சட்டம் இருந்தது. கடைத்தெருவில் காதோடு காதாகச் சொன்னார்கள். ஏதோ ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள், பெஞ்சில் படுக்கவைத்துத் தொடையின் மேல் உலக்கையை உருட்டுகிறார்கள் என்று. இதை அப்பாவிடம் சொன்னதை அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். மறுநாள் எங்கள் வீட்டுச் சப்பாத்திக் குழவியை எடுத்துப் பரணில் போட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் சப்பாத்தியோ பூரியோ செய்யவில்லை. நான் ஒரு முறை பூரி கேட்டேன், ஏன் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை.

சந்துக்கும் தண்டனை கிடைத்தது. ரிப்பேர் என்று சொல்லித் தெருக்குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அரைமைல் நடந்து போய்த் தண்ணீர் எடுக்க வேண்டியதாயிற்று. மனுவில் கையெழுத்துப் போட்ட நாற்பது பேரில் ஒருவர் வந்து, தன் பெயரை அடிக்க முடியுமா என்று அப்பாவிடம் கேட்டார். மற்றவர்கள் அதைக்கூடக் கேட்க வரவில்லை. இருந்த குழாயும் உங்களால் போயிற்று என்று ஒரு மாமி அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அந்த மாமி மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அவளுக்கும் மூன்று குழந்தைகள், அவளும் அரைமைல் நடந்தாள்.

கோள் சொன்னது சேச்சிதான் என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். கொலுவைப் பார்த்ததும் முகம் மாறிற்றே, சுண்டலைக்கூட வாங்கவில்லையே. மறு வருஷம் அவளை அழைக்க வேண்டாம் என்றார்கள். கோயிலில் எதிரே வந்தால் அம்மா திரும்பிக்கொள்வாள். சேச்சி ஒரு முறை அம்மாவின் கையைப் பிடிக்க வந்தாள், அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சேச்சி சொல்லவில்லை என்று அந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் நான். வாய் திறக்கவில்லை.

ஜெயிலில் இருக்கிறார் என்று மட்டும் நாற்பது நாள் கழித்துத் தெரிந்தது. தேர்தல் நடந்து எல்லாம் தளர்ந்தபிறகுதான் சித்தப்பா வந்தார். ஒன்றரை வருஷம். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே சந்தில் வந்தார். முதலில் யாரோ கிழவர் என்று நினைத்தேன். ஒரு கால் மடங்காது. மச்சுப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு மேலே பார்த்தார், ஏறவில்லை. அதற்குப் பிறகு அவர் செத்துப்போகிற வரைக்கும் மச்சுக்கு ஏறவேயில்லை. அங்கே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டுட்டோரியலில் அவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டு முன்னறையில் பிள்ளைகளை உட்கார்த்திப் பாடம் எடுத்தார். கணக்கு அப்படியேதான் இருந்தது, சிரிப்பு மட்டும் இல்லை.

அவர் பார்க்க வேண்டும் என்று அம்மா அந்த வருஷம் கொலுவைக் கீழே, சிமெண்டுத் தரையில் வைத்தாள். மூன்றே படி. தலையாட்டி பொம்மைகளை வைத்தாள், தரை அசையாததால் அவை சும்மா நின்றன. செட்டியாரை இன்ஸ்பெக்டர் கொண்டுபோனதோடு சரி, திரும்பி வரவில்லை. தானியக் கிண்ணங்களுக்குப் பின்னால் செட்டிச்சி மட்டும். சித்தப்பா எல்லாவற்றையும் பார்த்தார்.

"மன்னி, பார்க் இல்லையா இந்த வருஷம்?"

"மணல் கெடைக்கலை" என்றாள் அம்மா. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடல்.

முதலில் அப்பா போனார். இரண்டு வருஷம் கழித்துச் சித்தப்பாவின் சிறுநீரகம் கெட்டு, நாற்பத்தொரு வயதில் அவரும் போனார். தலைவர் ஆள் அனுப்பி மலர்வளையம் வைத்தார். அப்போது அவர் இன்னும் பெரிய ஆள்.

எனக்கு இருபது வயதாகி எர்ணாகுளத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தினமும் படகில் போய் வருவேன். ஒரு நாள் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் முண்டு கட்டிக் குடையோடு நின்ற ஒரு பெரியவர் என்னையே பார்த்தார். அந்தப் போலீஸ்காரர்தான், ரிட்டயர் ஆகியிருந்தார். சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். கேள்விப்பட்டேன் என்றார். நான் தாங்க முடியாமல், எல்லாம் அந்தப் பொம்மையால் வந்தது என்றேன். அவர் தலையை அசைத்தார்.

"அது பொம்மை கொண்டல்ல மோளே. லிஸ்ட் ஓணத்தினு மும்பே வந்நதா. பொம்மை இல்லெங்கிலும் ஞங்ஙள் வந்நேனே."

பட்டியல் ஓணத்துக்கு முன்பே வந்துவிட்டதாம், பொம்மை இல்லாவிட்டாலும் வந்திருப்பார்களாம். தலைவரே எழுதிக் கொடுத்த பட்டியல், முதல் பெயர் சித்தப்பா. மனு போனபிறகு அவர் காத்திருந்தது மேலிருந்து உத்தரவுக்காக மட்டும். கொலுவும் மன்னிப்புக் கடிதமும் பொருட்டே இல்லை. நவமியன்று காலை இந்தப் பெரியவர் வந்தது ஸ்டேஷனில் யாரும் அனுப்பி அல்ல, தானாகவே வந்தார். கூட ஒருவன் ஒட்டிக்கொண்டதால் பொம்மை, கடிதம் என்று ஏதோ சொல்லி மறைத்து, பாலக்காட்டுக்கு அனுப்புங்கள் என்பதை மட்டும் காதில் போட்டார். அன்று மத்தியான ரயிலில் ஏறியிருந்தால் சித்தப்பா தப்பித்திருப்பார், சாமிக்குப் புரியவில்லை என்றார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு ஓடினேன். பத்து வருஷமாக அம்மா சுமந்தது இறங்கிவிடும், எனக்கும் இறங்கிவிடும் என்று ஓடினேன். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கொலுவால் இல்லை, உன்னால் இல்லை என்றேன். அம்மா கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. கடைசிவரை கேட்டாள்.

"அப்போ உங்கப்பா நாளைக்குன்னு சொன்னதாலேங்கறயா?"

நான் ஓடிவந்த சந்தோஷத்தில் அதை யோசிக்கவே இல்லை.

"அப்படி ஆகப்படாது. செத்துப்போன மனுஷன், வந்து பதில் சொல்ல முடியாது. பொம்மையாலேதான். நான் செஞ்ச பொம்மை, நான் வாயைத் திறக்கலை. அப்படியே இருக்கட்டும்."

அப்போதுதான் நானும் சொன்னேன். ஆரஞ்சு மிட்டாய், நீங்கள் கொலுவில் இருக்கிறீர்கள் என்றது, சித்தப்பன் செய்ததா என்று கேட்டதற்குத் தலையாட்டியது, சேச்சியை நீ திரும்பிக்கொண்டபோது பேசாமல் நின்றது, எல்லாம். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்து வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும், அதை இதில் சேர்க்காதே என்றாள். நான்தான் என்றேன். இல்லை நான்தான் என்றாள். பேசவே தெரியாத என் அம்மா அன்று என்னோடு மல்லுக்கு நின்றாள். அரிசி சிந்திக் கிடக்க, நாங்கள் இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதோம். அந்த நவராத்திரிக்கு அம்மா தானே போய்ச் சேச்சியை அழைத்தாள். சேச்சி வந்தாள், செட்டிச்சியின் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தாள்.

அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது அது முழுக்க என்னிடம் இருக்கிறது, செட்டிச்சியைப் போலவே. தலைவர் எண்பத்தாறு வயது வரை இருந்தார், நன்றாகத் தூங்கினார், அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. உங்களில் சிலர் தினமும் அதில் நடக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் ஆயுசு முழுக்க நான்தான், நான்தான் என்று அந்தப் பழியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டோம். அவர் வீட்டில் அவர் ஒரு நாளாவது அப்படி உட்கார்ந்து, நான்தான் என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.